வலப்பக்க விளக்கு

தெருவிளக்கு உள்ள இடமெல்லாம் அது ஒழுங்காக எரிந்தது. தெருவிளக்கு முடிகிற இடத்தில்தான் அணைந்தது.

முதல் தடவை எமிலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதைத் தொடப்போகும் கார். பின்பக்கம் ஆமை முதுகுபோல வளைந்து இறங்கும், சுவீடனில் செய்த கறுப்புக் கார். இந்தக் காலத்துக் கார்களோடு பார்த்தால் அதன் பற்றரிக்குப் பாதி வலுத்தான். முகப்பு விளக்குகள் நல்லெண்ணெய் நிறத்தில் தயங்கித் தயங்கித்தான் வீதியில் வெளிச்சத்தைப் போடும். அப்படிப்பட்ட காரில் ஒரு விளக்கு அணைவது அதிசயமில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் ஸ்டோவ்னரின் மாடிக் கட்டடங்களைத் தாண்டி, காட்டோரமாகப் போகும் ஒடுங்கிய வீதிக்குத் திரும்பியபோது வலப்பக்க விளக்கு போயிற்று. திரும்பவும் பெரிய வீதிக்கு வந்து, முதல் விளக்குக்கம்பத்தின் கீழே போனதும் தானாக எரிந்தது.

இரண்டாம் தடவை அவள் கவனித்துப் பார்த்தாள். பல்ப் போனால் சட்டென்று போகும். வயர் தளர்ந்திருந்தால் துடித்துத் துடித்துப் போகும். இது இரண்டு மாதிரியும் இல்லை. வீதியின் வலது ஓரத்தில் விழுந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல இருண்டது. யாரோ ஒருவர் நிதானமாகக் குறுக்கே நடந்து வந்து நின்றதுபோல.

அவள் காரை ஓரம் கட்டினாள். நவம்பர் மாதத்துப் பின்னேரம். வேலை முடிந்து வருவதற்குள் ஒஸ்லோவில் முழு இருட்டு வந்துவிடும் காலம். பனி விழுந்தாலாவது நிலம் வெளிச்சமாக இருக்கும், அதுவும் இன்னும் விழவில்லை. ஸ்புரூஸ் மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம், இயந்திரம் ஆறும்போது இரும்பு சுருங்கும் டிக் டிக் சத்தம், அவற்றுக்கு அடியில் எங்கோ தொலைவில் நிலக்கீழ் ரயில் வெளியே வந்து ஓடும் உறுமல். கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளித் துணியின் வாடை வந்தது. மழையில் நனைந்த கோட்டைக் காயப்போடாமல் மூலையில் போட்டுவைத்தால் வரும் வாடை. அவளுடைய கோட்டு காய்ந்திருந்தது. ஒரு காலை வெளியே வைத்தவள், எதற்கென்று தெரியாமல், அதை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்குகள் விஷயத்தில் எமிலி மற்றவர்களைப் போல இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய கணவன் டெனிஸ், நகரத்துக்கு வடக்கே ஏரிக்கு அப்பால் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சமையற்காரனாக இருந்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால், இதே மாதத்தில், வேலை முடிந்து ஏரிக்கரை வீதியால் பஸ்ஸுக்கு நடந்து வரும்போது ஒரு கார் அவனை அடித்துவிட்டுப் போனது. யாருடைய கார் என்று பொலிஸ் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. ஏரிக்கரையில் தனியாக இருந்த ஒரு கிழவிதான் சாட்சி. கார் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தாளாம். வீதியில் வெளிச்சம் எதுவும் இல்லையாம். விளக்கே போடாத கார். அது நின்றதாம். இயந்திரம் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்ததாம். பிறகு மெதுவாகப் போய்விட்டதாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உடுப்புப் பையில் டெனிஸின் கோட்டு இருந்தது. கோட்டின் பொக்கற்றிலிருந்து ஒரு நூல் தொங்கியது. அதன் நுனியில், இருட்டில் நடப்பவர்கள் இந்த நாட்டில் எல்லோரும் தொங்கவிடும் பிரதிபலிப்பு வில்லை. வட்டமான வில்லை, நடுவில் ஒரு சிவப்பு மீன். உடைந்து பாதிதான் இருந்தது. மீனின் தலை மட்டும். எமிலிதான் அதை வாங்கிக் கொடுத்தவள். வெளிச்சம் விழுந்தால் தூரத்திலிருந்தே மின்னும் என்று கடைக்காரி சொன்னாள். வெளிச்சம் விழுந்தால்.

அன்றைக்குப் பிறகு, ஒற்றை விளக்கோடு வரும் காரைக் கண்டாலே அவள் வீதியோரம் ஒதுங்கி நின்றுவிடுவாள்.

காரைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய அண்ணன் றெஜினோல்ட். முதலில் நாட்டின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் மீன் பதனிடும் ஆலையில் நின்று, பிறகு ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரமான திராமனுக்கு வந்து டாக்ஸி ஓட்டுபவன். அவளை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன், டெனிஸுக்குக் கட்டிக்கொடுத்தவன், டெனிஸின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன், பூசை நாட்களில் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டவன். சென்ற வருடம் கோடையில் இந்தக் காரை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அவளுடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இறக்கினான்.

"பொழுதுபோக்குக்கு எண்டு வாங்கினனான், எனக்கு நேரமில்லை," என்றான். "நீ வைச்சுத் திருத்து, பிள்ளை. கையிலை ஒரு வேலை இருந்தால் மனம் ஆறும்."

அவன் சொன்னது உண்மையாகவே நடந்தது. அவள் ஒரு மருத்துவ இல்லத்தில் தாதிக்கு உதவியாளாக வேலை செய்தாள். வேலை முடிந்ததும் கீழே இறங்கிவிடுவாள். முதலில் விளக்குகளைத்தான் எடுத்தாள். துருவேறிய இடங்களைத் தேய்த்தாள், எர்த் வயரை மாற்றினாள், விளக்குக் கிண்ணங்களின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கினாள். வலப்பக்க விளக்கின் கண்ணாடியும் வளையமும் இடப்பக்கத்தைவிடப் புதிதாக இருப்பதும், முன்சில்லை மூடும் வலது சிறகுக்கு மட்டும் வேறு கறுப்பு அடித்திருப்பதும் அவள் கண்ணில் பட்டன. "அது துருப் பிடிச்சிருந்தது," என்றான் றெஜினோல்ட். பழைய காருக்கு அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டாள். இந்த வருடக் கோடையின் வெளிச்சமான மாலைகளில் அவள் காரை ஓட்டிப் பழகினாள். இருட்டுக் காலம் வந்தபோதுதான் இது தொடங்கியது.

பல்பை மாற்றினாள். ஃபியூஸை மாற்றினாள். சுவிச்சைக் கழற்றிச் சுத்தப்படுத்தினாள். புது வயர் இழுத்தாள். கம்பங்களின் கீழே எரிந்தது. இருட்டில் அணைந்தது.

மேல்மாடியில் இருந்த ஹரிப்ரியா ஒருநாள் பின்னேரம் கீழே வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் மின்னணுப் பொறியாளர். எமிலி ஆமாம் என்பதற்குச் சொல்லும் "ஓம்" ஒவ்வொன்றுக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும். அவளுடைய "ஏனுங்க" எமிலிக்குப் பிடிக்கும். கையோடு மின்சாரம் பார்க்கும் அளவுமானியையும் கொண்டுவந்திருந்தாள்.

"கரண்ட் சரியா வருதுங்கக்கா," என்றாள், விளக்கின் பின்னால் கம்பிகளை வைத்துப் பார்த்து. "பல்பும் நல்லா எரியுதே. எதுக்குக் கவலப்படறீங்க?"

"மேலை இருக்கிற லைற்றை நிப்பாட்டிப் பாருங்கோ."

ஹரிப்ரியா சுவரோரம் போய்க் கீழ்த்தளத்தின் விளக்கை அணைத்தாள். சிமெந்துத் தூண்களும் மற்றக் கார்களும் இருட்டுக்குள் போயின. எதிர்ச் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்கள். பிறகு வலப்பக்க வட்டம், ஓரத்திலிருந்து தொடங்கி, மெல்ல மூடிக்கொண்டது.

ஹரிப்ரியா திரும்பி வந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அளவுமானியைப் பார்த்தாள். "கரண்ட் இப்பவும் வருது," என்றாள். பின்னாலிருந்து விளக்குக் கிண்ணத்தைத் தொட்டு, கையைச் சட்டென்று இழுத்தாள். "சுடுது. அக்கா, இது எரிஞ்சுட்டுத்தான் இருக்கு."

"வெளிச்சம் இல்லையே."

"வெளிச்சமும் வருது. ஏதோ மறைக்குது. முன்னாடி எதாவது துணி கிணி விழுந்திருக்கான்னு பாக்கறேன்."

காரின் முன்பக்கமாகச் சுற்றிப்போய், விளக்குக்கு முன்னால் கையை நீட்டித் தடவினாள். அவளுடைய கை பாதி வழியில் நின்றது. எமிலிக்கு அவளுடைய உருவம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் மூச்சைச் சட்டென்று இழுத்த சத்தம் கேட்டது. அந்த வாடையும் வந்தது. நனைந்த கம்பளி.

ஹரிப்ரியா பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். காருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. வலப்பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், அதைக் காற்சட்டையில் தேய்த்தாள், திரும்பவும் பார்த்தாள், திரும்பவும் தேய்த்தாள்.

"என்ன பட்டது?"

"ஈரமா இருந்துச்சு." விரல்களை விரித்துப் பார்த்து, "துணி மாதிரி. உள்ள ஆள் இருக்கற துணி மாதிரி," என்றாள். "நான் மேல போறேங்க. நீங்களும் வந்துருங்க." அளவுமானியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

எமிலி அன்று மேலே போகவில்லை. பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பிடிவாதம் இருந்தது. இந்த விளக்கு எரியவேண்டும். எரியாத விளக்கால்தான் தன் வீடு வெறுமையாயிற்று. கீழ்த்தளத்து விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவைத்துக்கொண்டு, வலப்பக்க விளக்கை முழுதாகவே கழற்றுவது என்று இறங்கினாள். வளையம், கண்ணாடி, கிண்ணம், அதன் பின்னால் சிறகுக்குள் பதித்திருந்த தகரக் கூடு. அந்தக் கூட்டை அவள் இதுவரை கழற்றியதில்லை. துருவில் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, அசைத்து, ஒருவழியாக வெளியே இழுத்தாள்.

சிறகின் உள்மடிப்பில் மண்ணும் வீதித் தாரும் சேர்ந்து கட்டியாகக் கிடந்தன. திருப்புளியால் சுரண்டினாள். பழைய கண்ணாடித் துண்டுகள் வந்தன. தடித்த, கோடு போட்ட விளக்குக் கண்ணாடி. அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் துண்டும் வந்தது. துணியால் துடைத்தாள். மேலே தொங்கிய விளக்கின் வெளிச்சம் பட்டதும் அது பளிச்சென்று மின்னியது.

அரைவட்டம். சிவப்பு மீனின் வால்.

மேலே போய் அலுமாரியைத் திறந்து மற்றப் பாதியை எடுத்து வந்து பொருத்திப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் எடுத்து வந்தாள். பொருத்தினாள். உடைந்த விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கவில்லை. சிமெந்துத் தரையில், கழற்றிய விளக்கின் முன்னால், அவள் அதைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கால்கள் மரத்துப்போயின. பெட்டியைத் தூக்கியபோது றெஜினோல்டின் தோள் குலுங்கியது நினைவுக்கு வந்தது. அவன் அழுத அழுகையைப் பார்த்து அவள்தான் அவனைத் தேற்றினாள். தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

விளக்கைத் திரும்பச் சிறகில் வைத்துப் பூட்டினாள். முன்னெப்போதையும்விடக் கவனமாகப் பூட்டினாள். பிறகு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சனிக்கிழமை அவர் செத்த நாள். ஏரிக்கரையிலை ஒரு மெழுகுதிரி கொளுத்தவேணும். வாறியளோ, அண்ணா?"

"வாறன். என்ரை டாக்ஸியிலை போவம்."

"இல்லை. ஸ்ரேஷனுக்கு நான் வாறன். என்ரை கையாலை திருத்தின கார். அதிலைதான் போகவேணும்."

தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் றெஜினோல்ட் திராமனிலிருந்து ரயிலில் வந்தான். ஸ்ரேஷன் வாசலில் காரைக் கண்டதும் நின்றான். தாடி நரைத்து, கன்னங்கள் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தான். அவன் காரின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை என்பதை எமிலி பார்த்தாள். பின்னால் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டான்.

"நீங்கள் ஓட்டுங்கோவன்."

"வேண்டாம். நீயே ஓட்டு."

நகரத்துக்குள் இரண்டு விளக்குகளும் எரிந்தன. டிராம் தண்டவாளங்கள் மினுங்கின, கடை யன்னல்களில் நத்தார் நட்சத்திரங்கள் தொங்கின, நாய்களோடு போனவர்களின் உடுப்புகளில் வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி மறைந்தன. வடக்கே போகப் போக வீடுகள் குறைந்தன. கடைசி விளக்குக்கம்பம் வந்தது. அதைக் கடந்தார்கள். வீதியின் வலது ஓரம் மெல்ல இருண்டது.

றெஜினோல்டின் மூச்சு மாறியது.

"எப்பவும் இப்பிடித்தான்," என்றாள் எமிலி. "என்ன செய்தும் சரிவரேல்லை."

"திருப்பு, பிள்ளை. வேறை நாள் வருவம்."

இடப்புறம் ஏரி வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு பெரிய வெறுமையின் குளிராகத்தான் வந்தது. ஒற்றை விளக்கின் மங்கிய மஞ்சளில் ஈரத் தாரும் உதிர்ந்த இலைகளும் ஊர்ந்து வந்து சில்லுகளுக்குக் கீழே போயின. அவள் கோட்டுப் பொக்கற்றிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து அவனுடைய மடியில் வைத்தாள். அவன் அவற்றைத் தொடவில்லை.

"லைற் கூட்டுக்குள்ளை கிடந்தது."

சிறிது தூரம் போனார்கள்.

"லைற் ரெண்டும் பாதி வழியிலை நிண்டிட்டுது," என்றான் றெஜினோல்ட். வருடக்கணக்காக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவதுபோலச் சொன்னான். "அண்டைக்குத்தான் இந்தக் காரை வாங்கினனான். மச்சானுக்குக் காட்டுவம், வேலையாலை வாறவனை ஏத்திக்கொண்டு உங்களிட்டை வருவம் எண்டு வந்தனான். மெதுவாப் போனால் போகலாம் எண்டு நினைச்சன். காணேல்லை, எமிலி. சத்தியமாக் காணேல்லை."

"உடனை செத்தவரோ?"

றெஜினோல்ட் மடியிலிருந்த துண்டுகளைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணா."

"இல்லை."

அவளுடைய கைகள் சுக்கானில் இறுகின. "கதைச்சவரோ?"

"ஆரது எண்டு கேட்டவன். முதல் நொஸ்க், இந்த நாட்டுப் பாசையிலை. பிறகு தமிழிலை. இருட்டு. அவனுக்கு என்னைத் தெரியேல்லை. நான் இறங்கேல்லை." அவன் கண்களை மூடிக்கொண்டான். "லைசென்ஸ் போயிடும், மறியலிலை அடைச்சுப் போடுவாங்கள், பிள்ளையளை என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கேக்கேல்லை."

எமிலிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம்பெயர்ந்து, வேறு இடத்தில் போய்க் குந்தியதுபோல இருந்தது. இயந்திரத்தின் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது.

"காரை ஏன் எனக்குத் தந்தனியள்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ரை கறாஜுக்குள்ளை அது தன்ரை பாட்டிலை எரியும். சுவிச்சைத் தொடாமலே எரியும். வெளிச்சத்துக்குள்ளை நிப்பான். ஆரது எண்டு கேப்பான். ஒவ்வொரு நாளும். என்னாலை ஏலாமப் போச்சு." குரல் கெஞ்சியது. "உன்ரை மனுசன்தானே. உனக்கு ஒண்டும் செய்யான் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது. கோடையில் கொண்டுவந்து இறக்கியபோது அவன் முகத்தில் இருந்த நிம்மதி. கையிலை ஒரு வேலை. அவன் தன் பேயைக் கொண்டுவந்து தங்கையின் வீட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

இன்னொன்றும் விளங்கியது. அண்ணனுக்கு எரிந்த விளக்கு தனக்கு அணைந்தது ஏன் என்று. டெனிஸ் அதன் முன்னால் வந்து நின்று மறைத்திருக்கிறான். அவள் பார்க்கக்கூடாது என்று. அந்தக் கோலத்தில் தன்னைப் பார்க்கக்கூடாது என்று. அவள் காரை நிறுத்தினாள். அந்த இடம்தான்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீர் கரையில் அலம்பும் சத்தம். நனைந்த கம்பளியின் வாடை, இம்முறை காருக்குள்ளேயே, மூச்சுக்கு மூச்சு.

வலது ஓரம் வெளிச்சமாயிற்று.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு. மெல்ல. விளக்கை மறைத்து நின்றது விலகி நடந்தது. சில அடிகள் முன்னால் போய், வெளிச்சத்தின் நடுவில், திரும்பி நின்றது.

கோட்டு தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பையில் வந்த அதே கோட்டு. கழுத்து ஒரு தோளின் மேல் சாய்ந்திருந்தது. முகத்தின் வலது பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரமும் நிழலும் மட்டும் இருந்தன. பின்னால் வீதியில் நிழல் விழவில்லை.

"ஆரது?"

டெனிஸின் குரல். பொறுமையான குரல். குசினி அடுப்படியில் நின்றுகொண்டு வாசல் மணிக்குக் கேட்கும் அதே குரல்.

எமிலி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பக்கத்தில் றெஜினோல்ட் இருக்கையிலிருந்து சரிந்து, முழங்கால்கள் தரையில் பட, டாஷ்போட்டுக்குக் கீழே தலையைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

"ஆரது?"

இன்னும் கிட்ட. காலடி கேட்கவில்லை. ஆனால் கிட்ட.

கீழேயிருந்து, மூச்சோடு மூச்சாக, றெஜினோல்ட் பதில் சொன்னான்.

"எமிலி," என்றான். "எமிலிதான் ஓட்டுறது."

அவள் குனிந்து தன் அண்ணனைப் பார்த்தாள். கண்களை இறுக மூடியிருந்தான். பொய் சொல்லும் முகமே இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட ஆளின் முகம்.

நிமிர்ந்தபோது வெளிச்சத்துக்குள் யாரும் இல்லை.

அவளுடைய பக்கத்துக் கதவு திறக்கவில்லை. ஆனால் குளிர் வந்தது. முதுகில், தோள்களில், இரண்டு கைகளிலும். நனைந்த கம்பளிக் கை ஒன்று அவளுடைய இடக் கையின் மேல் வந்து படிந்தது. இன்னொன்று வலக் கையின் மேல். மடியில் ஒரு பாரம், மேலிருந்து இல்லை, உள்ளிருந்து. யாரோ ஒருவர் அவளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்ததுபோல.

"டெனிஸ்," என்றாள். "நான்தான்."

கைகள் தளரவில்லை. அவள் பெயரை அவன் அறிந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. அவளுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இத்தனை நாள் தன்னை மறைத்து நின்றவன், ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

றெஜினோல்ட் தலையை உயர்த்தினான். அவளைப் பார்த்தான். அவன் பார்த்தது எதுவோ, வாயைத் திறந்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வீதியில் விழுந்தான். எழுந்தான். ஓடினான். காருக்கு முன்னால், வெளிச்சத்துக்குள், வீதியின் நடுவே, சப்பாத்துகள் ஈரத் தாரில் அறைய அறைய. அவளை விட்டுவிட்டு. திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவளுடைய வலக் காலின் மேல் இன்னொரு கால் வந்து படிந்தது.

கார் நகர்ந்தது.

அவள் காலை இழுத்தாள். வரவில்லை. சுக்கானைத் திருப்பப் பார்த்தாள். கைகள் திரும்பவில்லை. பிரேக்கை மற்றக் காலால் தேடினாள். மற்றக் காலும் அவளுடையதாக இல்லை. இயந்திரம் உறுமியது. திறந்து கிடந்த கதவு ஒருமுறை ஆடி, தானாக அடித்துச் சாத்திக்கொண்டது.

இடப்பக்க விளக்கு அணைந்தது.

வலப்பக்க விளக்கும்.

ஒன்றும் தெரியவில்லை. வீதி இல்லை, ஏரி இல்லை, மரங்கள் இல்லை. முன்னால் சப்பாத்துச் சத்தம் மட்டும். ஓடும் சத்தம். மூச்சிரைக்கும் சத்தம். கிட்ட வந்துகொண்டே இருந்தது.

"அண்ணா," என்று கத்தினாள். "ஓரத்துக்குப் போங்கோ. அண்ணா."

அவளுடைய வாயிலிருந்து வந்த குரல் அவளுடையதாகக் கேட்கவில்லை.

சப்பாத்துச் சத்தம் தடுமாறியது. நின்றது. இருட்டுக்குள் அவன் திரும்பி நிற்கிறான் என்பது தெரிந்தது. கால் இன்னும் அழுந்தியது. குளிர்ந்த, நனைந்த, அவசரமில்லாத கால்.

பிறகு, ஒரு கணம், இரண்டு விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. அவள் ஒருபோதும் கண்டிராத வெண்மையில், அத்தனை மாதங்கள் தேய்த்துத் துடைத்த இரண்டு கிண்ணங்களிலிருந்தும் ஒரு சொட்டு வெளிச்சம்கூடச் சிந்தாமல், எல்லாம் நேராக அவன் மேல் விழுந்தது. றெஜினோல்ட் கையெட்டும் தூரத்தில் நின்றான். ஒரு கையைக் கண்ணுக்கு மேலே பிடித்திருந்தான். விரல்களுக்கு இடையால் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தான்.

அவனுடைய உதடுகள் அசைந்தன. ஒரு பெயரைச் சொன்னான்.

எமிலி என்று சொல்லவில்லை.